நகரமே இல்லாத மலை



'குடியிருப்பிலிருந்து சுற்றுலாத்தலம் வரை: ஒரு நகரம் வளர்ந்த வரலாறு.' இது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கொல்லிமலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கூடவே இந்தத் தலைப்பையும் கொடுத்தார்கள். அழைப்பிதழைப் படித்தவுடன் எனக்குள் எழுந்த முதல் கேள்வி இதுதான்: கொல்லிமலையில் நகரம் எங்கே இருக்கிறது?

உதகையில் நகரம் இருக்கிறது, நகராட்சி இருக்கிறது. கொடைக்கானலிலும் அப்படியே. கொல்லிமலையில் என்ன இருக்கிறது? வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் இன்று ஓர் ஊராட்சி. ஒவ்வொன்றிலும் வயலை ஒட்டியும் சரிவை ஒட்டியும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செம்மேடு. அங்கே பேருந்து நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், மருத்துவமனை, சில டீக்கடைகள், வள்ளல் ஓரியின் சிலை. அவ்வளவுதான். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் போட்ட இலையைக் குறை சொல்வதுபோல் இருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் உள்ள நகரம் மலையில் இல்லை.

இல்லாததுதான் எனக்குப் பேசுபொருள். நகரம் முதலில் எழுந்தது, பிறகு அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது என்பது பல ஊர்களின் கதை. கொல்லிமலையில் ஊர்கள் ஊர்களாகவே இருந்தன. கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் வந்த பிறகு செம்மேடு இப்போதுதான் நகரமாகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் இவ்வளவு காலம் நகரமாகாமல் அந்த மலையை எது காத்தது? காத்ததா, தடுத்ததா? இன்று மலையேறி வரும் கூட்டத்துக்கு வீட்டுக்காரர் யார்? இந்தக் கேள்விகளோடு உங்களை மேலே அழைத்துப் போகிறேன்.

முதலில் வந்தவர்களிலிருந்து தொடங்குவோம். கொல்லிமலைக்கு வந்த முதல் விருந்தாளிகள் யார்? நான் பாணர்களையும் கூத்தர்களையும்தான் காட்டுவேன். புறநானூற்றில் வன்பரணர் பாடிய 152ஆம் பாட்டு நமக்கெல்லாம் தெரிந்தது. யானையைத் துளைத்து, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்த அந்த ஒற்றை அம்பைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அம்பைப் பார்த்த கண் அடுத்த காட்சியைப் பார்க்கத் தவறிவிடுகிறது. காட்டு வழியில் வாத்தியங்களோடு போகிற ஒரு வறிய கூட்டம் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பாடுகிறார்கள். உனக்கு இணையான வேட்டுவன் இல்லை என்று புகழ்கிறார்கள். அவன் கூச்சப்படுகிறான். வேட்டையில் கிடைத்த மான்கறியையும் கள்ளையும் கொடுத்து, தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான். அரண்மனையில் அல்ல, அரியணையில் அல்ல, நட்ட நடுக் காட்டு வழியில்! அவன்தான் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொல்லிமலையின் விருந்தோம்பல் வரலாறு அங்கே தொடங்குகிறது. விருந்தாளி வெறுங்கையோடு ஏறினான், நிறைந்த கையோடு இறங்கினான். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். இன்று கணக்கு வேறு மாதிரி எழுதப்படுகிறது.

ஓரிக்கு ஊர் இருந்ததா? இருந்தது, பெரிய தெருவே இருந்தது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அந்தப் பெருந்தெருவில் நுழைந்தபோது ஊர் எழுப்பிய கூச்சலை நற்றிணையில் கபிலர் காதில் விழும்படி வைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், கபிலர் அங்கே போரைப் பாடவே இல்லை. ஒரு பெண் தெருவில் நடந்து போகிறாள், ஊர் அவளைப் பற்றிக் கலகலவென்று பேசுகிறது, அந்த ஆரவாரத்துக்கு உவமையாகத்தான் ஓரி தெருவின் அமளி வருகிறது. ஒரு மலை தன் தலைவனை இழந்த நாள், ஊர்வம்புக்கு உவமையாகிவிட்டது! புலவர்களின் கல்நெஞ்சை நான் மன்னித்துவிடுகிறேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கொல்லியில் ஒரு தெரு இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

பாணர்களுக்குப் பிறகு வந்தவர்கள் அடியார்கள். வளப்பூர் நாட்டில் பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயில். தேவாரம் பெயர் சொல்லிப் போகும் வைப்புத்தலம். சீர்காழி அருணாசலக் கவிராயரின் மகன் அம்பலவாணக் கவிராயர் இந்த இறைவனை முன்வைத்து ஒரு சதகமே பாடினார். கோயிலை ஒட்டி ஓடுவது ஐயாறு. அந்த ஆற்றின் மீன்களுக்குப் பொரி போடாமல் எந்தப் பக்தரும் திரும்புவதில்லை. பிடித்து அறுத்த மீன் மீண்டும் பொருந்தி உயிரோடு ஆற்றில் குதித்தது என்பது தலத்தின் கதை. அதே ஆறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கையாக விழுந்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் தரை தொடுகிறது. சாலை இல்லாத காலத்தில் ஆடிப் பதினெட்டுக்கு வருபவர்கள் அந்தப் புளியஞ்சோலைப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் மலையேறினார்கள். சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். குளித்தார்கள், கும்பிட்டார்கள், இறங்கினார்கள். அறை வாடகை கேட்கவில்லை, வண்டி நிறுத்த இடம் கேட்கவில்லை.

சரி, வந்து போனவர்களைப் பார்த்தோம். வந்து தங்கியவர்கள்? இன்று மலையில் வாழும் சுமார் 40,000 பேரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய வாய்மொழிக் கதையில் மூன்று அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வருகிறார்கள். பிரிந்து சேர்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போகிறார்கள். அதனால்தான் மூன்று மலையிலும் ஒரே சனம். வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையில் தேதி தேடுவார்கள். நான் தேடவில்லை. கதை சொல்வது ஒன்றைத்தான்: நாங்கள் சமவெளியை விட்டு வந்தவர்கள், இங்கே வேர் பிடித்தவர்கள். பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காக வயல் வெட்டி நெல் நட்டார்கள். மேட்டுக் காட்டில் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். தானியத்தை வல்லம் என்னும் அளவையால் அளந்தார்கள். நாடுதோறும் பெரியதனக்காரர்களை வைத்துத் தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள்.

அவையோரே, இப்போது ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் தமிழ்நாட்டில் குளிர்ந்த மலையாகப் பார்த்துப் பார்த்து ஊர் கட்டினான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் வீடு கட்டினார்; தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய்க்கு நிலம் வாங்கினார். சேலம் கலெக்டர் காக்பர்ன் அதே பத்தாண்டில் சேர்வராயன் மலையில் காப்பி வைத்தார், ஏற்காடு எழுந்தது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். சேலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கொல்லிமலையை மட்டும் ஏன் விட்டார்கள்? கருணையாலா? அல்ல. காரணம் ஒரு கொசு.

கொல்லிமலைக் காய்ச்சல் என்றால் அந்தக் காலத்தில் அடிவாரத்து மக்களே மேலே ஓர் இரவு தங்க அஞ்சினார்கள். உதகையின் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரில் கொசு திணறும். கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர்தான். நெல் வயலும் ஓடையும் மிதமான வெப்பமும் மலேரியாக் கொசுவுக்கு வாகாக அமைந்துவிட்டன. பங்களா கட்ட வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்கள். ஏக்கர் 1 ரூபாய் என்று பேரம் பேசக் கொல்லிமலைக்கு எந்தச் சல்லிவனும் வரவில்லை. சாகடிக்கவும் சாகடித்தது, காக்கவும் காத்தது அந்தக் கொசு. இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. காய்ச்சலில் பிள்ளைகளை வாரிக்கொடுத்த தாய்மார்களிடம் போய், உங்கள் நிலம் தப்பியதே இதனால்தான் என்று எந்த வாயால் சொல்வது?

இறங்காமல் தங்கிய வெள்ளைக்காரர்களும் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கில மிஷனரி 1913ஐ ஒட்டி மனைவி ஈவ்லினோடு கொல்லிமலையில் குடியேறினார். சமயம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மலையில் அவருக்குக் கிடைத்த வேலை நரம்புச்சிலந்திப் புழுவை உருவுவது. கெட்ட தண்ணீரைக் குடித்தவரின் காலில் ஓராண்டு கழித்துக் கொப்புளம் எழும்பி, நூல் போல ஒரு புழு தலை நீட்டும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் அதைச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, நாட்கணக்கில் வெளியே எடுக்க வேண்டும். அப்படிக் குச்சி சுற்றிக்கொண்டே, கிணற்றுத் தண்ணீரில் காலை நனைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிப் போனார். 1929 ஜூனில் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சல் அவரையே கொண்டுபோனது. 44 வயது. கணவனைப் புதைத்த மலைக்கு ஈவ்லின் திரும்பி வந்தார். வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்று மிஷன் சொன்னபோது, ஓய்வு பெற்றுக்கொண்டு தன் பாட்டுக்கு மலையிலேயே இருந்துவிட்டார். மட்டக் குதிரையில் மலைக்கு மலை போய் வைத்தியம் பார்த்தார். 1974இல், 95 வயதில் இறந்தார்.

அவர்கள் மகன் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, சிறு வயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர். பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். உலகமே அறிந்த அந்த மருத்துவர் சிறு வயது நினைவு ஒன்றை எழுதியிருக்கிறார். அடுக்கு வயலில் பையன்களோடு சேர்ந்து தவளை பிடித்துக்கொண்டிருந்தாராம். வரப்பில் ஒரு கிழவர் வந்து நின்றார். வாய்க்கால் பார்ப்பவர், எல்லோரும் தாத்தா என்றே கூப்பிடுவார்கள். அடிப்பார் என்று பையன்கள் நடுங்கினார்கள். அவர் அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தச் சேற்றில்தான் நெல் விளைகிறது; நீங்கள் கலக்கிய சேறு மடை வழியாக ஓடைக்குப் போய்விட்டால் திரும்பி மேலே வராது; வயலைத் தாண்டும் தண்ணீர் தெளிவாகப் போக வேண்டும் என்று சொன்னார். அவ்வளவுதான் பாடம். மலை விவசாயத்தின் மொத்தச் சட்டமும் அந்தக் கையளவு சேற்றில் அடங்கிவிட்டது.

பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, 1953இல் நாடு தழுவிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீடு வீடாக டிடிடி மருந்து அடிக்கப்பட்டது. காய்ச்சலின் பயம் தெளிந்தது. இரண்டு, சாலை வந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. முப்பது தாண்டும்போது குழந்தைக்கு வாந்தி, ஐம்பது தாண்டும்போது அப்பாவுக்கு வாந்தி! ஆனால் அந்தச் சாலையை வாந்தியோடு நினைக்கிறவர்கள் நாம். மலைக்காரர்கள் தலைச்சுமையோடு நினைக்கிறார்கள். மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் தலையில் வைத்து இறங்கியவர்களுக்கு, நிறைமாதக் கர்ப்பிணியைக் கட்டிலில் தூக்கி இறக்கியவர்களுக்கு அது உயிர்ச் சாலை.

சாலை ஒரு பக்கம் மட்டும் ஓடுமா? மேலே ஏறியது போலவே கீழேயும் இறங்கியது. முதலில் இறங்கியது மரவள்ளி. குச்சிக்கிழங்கு என்று நாம் சொல்வது. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு வாய் பிளந்து நின்றன. லாரி தோட்டத்தின் ஓரத்துக்கே வந்தது. சாமை விதைத்த காடெல்லாம் குச்சி நட்டார்கள். ஏன் நட மாட்டார்கள்? சாமையின் உமி கெட்டியானது. ஒருவேளைச் சோற்றுக்குப் பெண்கள் உரலில் நெடுநேரம் இடிக்க வேண்டும். கிழங்கைப் பிடுங்கினால் கையில் காசு. சிறுதானியம் போயிற்றே என்று நகரத்தில் உட்கார்ந்து வருத்தப்படுகிறவர்கள் ஒரு நாள் அந்த உலக்கையைப் பிடித்துப் பார்க்கட்டும். 1990களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் விதை வங்கிகளையும் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது சரியான இடத்தில் கை வைத்த வேலை. உலக்கையை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைக் கொடுத்தார்கள்; சாமை கொஞ்சம் மூச்சுவிட்டது. இதனிடையே மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலையுச்சியில் பாக்சைட் வெட்டினார்கள். அந்தச் சுரங்கம் பின்னர் நின்றது.

சாலையில் கடைசியாக ஏறி வந்தவர்கள் நாம். மாசிலா அருவி, நம்ம அருவி, வாசலூர்பட்டிப் படகு இல்லம், சீக்குப்பாறைக் காட்சி முனை. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது சிரிப்பு, ஏறும்போது சாமி பெயர். ஆடி 17, 18இல் அரசே வல்வில் ஓரி விழா எடுக்கிறது. மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள், நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஆடிப் பதினெட்டின் பழைய கூட்டமும் விழாவின் புதிய கூட்டமும் ஒரே சாலையில் முட்டிக்கொள்கின்றன. ஓரிக்குச் சிலையும் கிடைத்தது, விழாவும் கிடைத்தது. நல்லது. ஆனால் ஓரியின் வேலையை இன்று யார் பார்க்கிறார்கள்? விருந்தாளியை வரவேற்பது யார்?

விடுதிக்குப் போங்கள். அறை துடைப்பவர் மலைக்காரர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கீழிருந்து வந்தவர். சோளக்காடு என்னும் ஊரில் பலாப்பழம் விற்கும் அம்மாவிடம் போங்கள். பழத்தைத் தட்டிக் காட்டி, ஒரு சுளையைப் பிய்த்து முதலில் தின்னக் கொடுப்பார். விலை பேசுவது அதற்குப் பிறகுதான். எனக்கு அங்கேதான் ஓரியின் வாடை அடிக்கிறது. ஆனால் காரில் வந்தவர் பத்து ரூபாய்க்கு அவரிடம் மல்லுக்கட்டுகிறார். அதே ஆள் ரிசார்ட் ரசீதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு வந்தவர்!

இதைக் குறை சொல்லும் குரலில் நான் சொல்லவில்லை, கணக்குப் பார்க்கும் குரலில் சொல்கிறேன். உதகையில் நகரத்தை விருந்தாளிக்காகவே கட்டினார்கள். தோடர்கள் தங்கள் மலையிலேயே காட்சிப் பொருளானார்கள். கொல்லிமலையில் நிலம் இன்னமும் பெரும்பகுதி மலைக்காரர் கையில் இருக்கிறது. இப்படிப்பட்ட மலைவாசத்தலம் தமிழ்நாட்டில் அபூர்வம். அந்த நிலத்துக்குப் பாதுகாப்பு என்ன? அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஆந்திரத்தில் உண்டு, ஒடிசாவில் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. நம் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். கொல்லிமலை சேந்தமங்கலத்தில் இருக்கிறது. கொசு காத்த நிலத்தை இனி ஊராட்சியும் கிராம சபையும்தான் காக்க வேண்டும். எந்தச் சரிவில் விடுதி வரலாம், எந்த ஊற்றில் மோட்டார் போடக் கூடாது, அருவிக்குப் போகும் வழியில் யார் கடை வைக்கலாம் என்று அந்த 14 ஊராட்சிகளும் கூடி முடிவெடுத்தால் என்ன? வீட்டின் ஓர் அறையை விருந்தாளிக்கு விட்டு, சாமைச் சோறும் மிளகு ரசமும் போட்டுக் காசு வாங்குவதற்கு அந்தப் பெண்களுக்கு வங்கிக் கடன் கொடுத்தால் என்ன? திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்கு இறங்கும் பிள்ளைகளை அருவிக்கு வழிகாட்டிகளாக நிறுத்தி, முறையான சம்பளம் கொடுத்தால் என்ன? செம்மேடு நகரமாகட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருடைய நகரம் என்பதுதான் வழக்கு. அதற்குத் தீர்ப்பு எழுதும் உரிமை எனக்கும் இல்லை, வாரக் கடைசியில் மட்டும் மலையேறுகிற நம்மில் எவருக்கும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த அரங்கில் மலையிலிருந்து வந்தவர்கள் இருந்தால் ஒலிவாங்கி முதலில் அவர்களிடம் போகட்டும்.